தெளிந்த மேல்பாதி

போன் அடித்தது.

மறுபடியும் கணவன்தான்.

"க்ளுக்கோஸ் குடிச்சிட்டியாமா?"

"ஆறட்டும்னு வெச்சிருக்கேன்."

"சூடா குடிச்சாத்தான் தெம்பு..."

வைத்துவிட்டான்.

காய்ச்சலில் படுத்திருந்த கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நெற்றி வியர்த்தது. மனைவிக்கு ஒரு மாத்திரைகூட வாங்கி வராத மனிதன்! போன வாரம்தான் அவனுடைய இன்னொரு குடும்பம் அவளுக்குத் தெரியவந்தது. விவாகரத்து என்றாள். காலில் விழுந்து அழுதான். அன்று முதல் ஒரே உபசாரம்.

கண்ணாடி டம்ளரை எடுத்தாள்.

திடுக்கிட்டாள்.

காலையில் அவன் ஆவி பறக்கக் கொடுத்தபோது பளிங்காக இருந்த தண்ணீர்... இப்போது அடியில் ஊசி ஊசியாய் வெள்ளைப் படிகங்கள்!

சூடான தண்ணீர் நிறையக் கரைத்துக்கொள்ளும். ஆறியதும், தாங்க முடியாததைக் கீழே தள்ளிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் அவள் நடத்தும் பாடம்.

ஆனால் ரெண்டு ஸ்பூன் க்ளுக்கோஸ் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடுமே.

அப்படியென்றால் இது...?

கதவில் சாவி திரும்பியது.

உள்ளே வந்தவன் நேராக டம்ளரைப் பார்த்தான். ஏன் இன்னும் குடிக்கவில்லை என்று கேட்டான். அடியில் கிடப்பது என்ன என்று அவள் கேட்டாள். சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்றான்.

"போலீஸுக்குச் சொல்லப் போறேன்."

சிரித்தான்.

"என்னையே சந்தேகப்படறியா? இங்க பாரு..."

டம்ளரை அலுங்காமல் தூக்கினான். தெளிந்திருந்த மேல்பாதியை மட்டும் மடக் மடக்கென்று குடித்தான்.

தடுக்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காய்ச்சலா, வேறா... அவளுக்கே தெரியவில்லை.

"போதுமா?"

"மீதியையும் கலக்கிக் குடிங்க."

அவன் முகம் மாறியது.

"அ... அது எதுக்கு?"

"விஷமெல்லாம் கீழ தங்கிடுச்சுன்னு நினைச்சீங்களா? தங்கினது, தண்ணில இடம் இல்லாம வெளிய வந்தது. இடம் கிடைச்சது கரைஞ்சு மேலயும் இருக்கு. அதைத்தான் குடிச்சீங்க."

டம்ளர் நழுவி உடைந்தது.

வயிற்றைப் பிடித்தபடி சரிந்தான். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினான்.

அவள் ஆம்புலன்ஸை அழைத்தாள். எவ்வளவு விஷம் குடித்தார் என்று எதிர்முனையில் கேட்டார்கள்.

"தண்ணி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. இவர் எவ்வளவு தாங்குவார்னு நீங்கதான் வந்து பார்க்கணும்."