ஹோல்பீச் பாதிரியாரின் எச்சில்

புத்தகத்தின் கடைசித் தாள், கீழ் மூலையில் ஈரமாக இருந்தது.

மழைக்காலத்து யாங்கோனில் ஈரமில்லாத பொருள் எது? பபேடான் பகுதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஜுல்ஃபிகருடைய சட்டை, தலையணை, உப்பு ஜாடி, அவருடைய கௌரவம் எல்லாமே நமுத்துத்தான் கிடந்தன. ஆனால் மழை ஈரம் தாள் முழுக்கப் பரவும். இது விரல்நுனி அளவுக்கு வட்டமாக இருந்தது. தொட்டால் வழவழத்தது.

பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில், பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம் அது. முன்னூறு வருஷத்துக்கும் மேல் பழமையான சமயத் தர்க்க நூல். அட்டைக்குள் ஒட்டியிருந்த சீட்டில் மத்தியாஸ் ஹோல்பீச் என்று பெயர். கைபேசியில் தேடினால், ஆள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்ப் பாதிரியார். எபிரேயமும் கிரேக்கமும் கரைத்துக் குடித்தவர். நாலாயிரம் புத்தகம் சேர்த்து, இடம் போதாமல் மனைவியைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அவள் அறையிலும் அலமாரி அடித்தவர். எதையும் பின்னாலிருந்து முன்னால்தான் படிப்பார். மதவிரோதிகள் விஷத்தைக் கடைசியில்தான் வைப்பார்களாம். விரலை நாக்கில் தோய்த்துத்தான் தாள் புரட்டுவார். தான் படிக்கும் புத்தகத்தை இன்னொருவர் தொட விடமாட்டார். ஒரு புத்தகத்தைச் சரியாகப் பாதி படித்திருந்தபோது செத்துப்போனார். அது மட்டும் பிறகு யாருக்கும் அகப்படவில்லை.

“அதுதான் இது” என்று ஜுல்ஃபிகர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆதாரம் கிடையாது. ஆதாரத்துக்குக் காத்திருப்பவன் எந்தக் காலத்தில் அறிஞனாவது? அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்தாலும், பர்மியர்கள் ஆசிரியரை அழைப்பதுபோலத் தன்னை ‘ஸயா’ என்று அழைக்கும்படி கடை ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தவர் அவர். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் ஹோல்பீச்சைப் பற்றி அவர் பேச்சு, முடிவில் பொன்னாடை. அறிஞராக அவருக்கிருந்த ஒரே சொத்து நாக்கு. அதை வைத்துத்தான் இத்தனை காலமும் மேடை மேடையாகப் பிழைத்தார்.

இடைஞ்சல், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ரெங்கசாமி. தேநீர்க்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

“பாய், கடைசியில அந்தப் புத்தகம் என்ன முடிவுக்கு வருதுன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை முதல் கேள்வி என்னோடதுதான்.”

ஜுல்ஃபிகர் கடைசி அத்தியாயத்துக்கு நேரே தாவிப் பார்த்தார். முன்னே சொன்னது தெரியாமல் பின்னே ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே முதலிலிருந்து ஆரம்பித்தார், கடை ரசீது புரட்டும் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு.

மறுநாள் பார்த்தால் கடைசித் தாள்கள் காய்ந்து, மூலைகள் மஞ்சளாக மொரமொரத்திருந்தன. ஈரம் அதற்கு முந்தைய அத்தியாயத்துக்கு வந்திருந்தது. அடுத்த நாள் அதற்கும் முன்னால். தாள்களுக்கிடையிலிருந்து சொத்தைப் பல்லும் புளித்த மதுவும் பச்சை வெங்காயமும் கலந்து, மாதக்கணக்கில் கொப்பளிக்காத வாயைத் திறந்ததுபோல ஒரு வீச்சம் வந்தது. எத்தனை தடவை பல் விளக்கினாலும் அந்த வீச்சம் இப்போது அவர் வாயிலும் இருந்தது. பேச்சை ஒத்திகை பார்த்தால் சொற்கள் பிசுபிசுத்தன.

மனைவி சைதா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளையாக ஆடை படிந்து, நடுவில் வழித்த தடம் ஒன்று தெரிந்தது.

“பூனை நக்குன கிண்ணம் மாதிரி இருக்குங்க. அந்த எச்சிலைத் தொட்டு வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்?”

“கல்யாணத்துல ஒரே சஹன் தட்டுல நாலு பேர் கையை விட்டுச் சாப்பிடுற ஆளுங்க நாம. எச்சிலுக்குப் பயப்படவா?”

“சஹன்ல எதிர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும்ல” என்றாள் சைதா.

சனிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் மருந்து வாங்கக் கீழே போனாள். சாவியை வீட்டிலேயே விட்டுப் போனாள். திரும்பி வந்ததும் தெருவிலிருந்து கயிற்றை இழுத்தால் மாடியில் மணி அடிக்கும், இவர் சாவியை அதே கயிற்றில் இறக்க வேண்டும். அவள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றது. பக்கத்து ஜெனரேட்டர்களின் உறுமலும், தகரத்தில் மழை விழும் சத்தமும், கீழே மீன் எண்ணெய் காயும் வாடையுமாகத் தெரு எழுந்து ஜன்னலில் முட்டியது. ஜுல்ஃபிகர் மேஜையில் மெழுகுவர்த்தியை நட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவர் படித்து முடித்த பகுதிக்கும் ஈரத்துக்கும் நடுவே சில தாள்கள்தான் பாக்கி.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. உதட்டிலிருந்து விரல் பிரியும் சத்தம். மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில்.

நிமிர்ந்தார். நாற்காலி காலியாக இருந்தது.

புத்தகத்தை மூடிவிடலாம். மூடியிருக்க வேண்டும். ஆனால் மண்டபத்தின் முதல் வரிசையில் ரெங்கசாமி சிரித்துக்கொண்டு எழுந்திருப்பது கண்முன் வந்தது. இன்னும் நாலு தாள், பாதி முடிந்துவிடும். அதற்கப்புறம் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம்.

மூன்று.

மறுபடி அந்தச் சத்தம்.

இரண்டு. வீச்சம் முகத்தில் அடித்தது. சூடாக. விட்டு விட்டு. மூச்சுப்போல.

நாலில் கடைசித் தாள். புத்தகத்தின் சரிபாதி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூலையில், அடிப்பக்கத்திலிருந்து, ஒரு ஈரவட்டம் ஊறி மேலே வந்தது.

புத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. நாக்கு நீண்டது.

விரல் நாக்கைத் தொட்டது.

குளிர்ந்த விரல். நீண்ட நகம். உப்பு.

ஜுல்ஃபிகர் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் புத்தகத்தின் மேல் இருந்தன.

விரல் அவசரப்படவில்லை. நாக்கை நுனியிலிருந்து நடுவரைக்கும் ஒருமுறை வழித்தது. விலகியது. தாள் எழுந்து புரண்டது, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக.

வெளியே மணி அடித்தது. சைதா கயிற்றை இழுக்கிறாள். கூப்பிட வேண்டும். நாக்கை உள்ளே இழுத்தார். வரவில்லை. வாய் மூடவில்லை. மணி இன்னொரு தரம் அடித்தது.

விரல் திரும்பி வந்தது. பாதிரியாருக்கு இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருந்தது.