மூன்றாம் நாள் திரும்பியவள்

"அந்தக் குழாய்க்குள்ள நீதானே துப்புன, அக்கா?"

கனடாவிலிருந்து தம்பி பிரதாப் இப்படிக் கேட்டபோது ஜெயந்தினிக்குச் சிரிப்புதான் வந்தது. இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்று, சிக்னல் போய்விடாதபடி போனைப் பிடித்துக்கொண்டு, "வேற யாரு துப்புவா?" என்றாள்.

பரம்பரை பார்க்கும் டி.என்.ஏ. பரிசோதனை அவன் யோசனைதான். முன்னோர்கள் துறையூர்ப் பக்கம் என்று அப்பா வீரய்யா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையா என்று பார்க்க அம்மா, அவள், தம்பி மூவரும் எச்சில் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா சொன்னது நெசந்தான். துறையூர்ல நாலஞ்சு பேரு சொந்தமுன்னு வருது. அம்மாவும் நானும் சரியாப் பொருந்துறோம். ஒன்னோடதுதான்..." அவன் தயங்கினான். "எங்க ரெண்டு பேரோடயும் பொருந்தல. திரும்ப அனுப்புனமே, அதுலயும் அப்படித்தான்."

"என்னையத் தத்தெடுத்தாங்களா?"

"தத்தெடுத்தாலும் ஏதாவது ஒரு ஊரு காட்டணுமே அக்கா. ஒனக்கு ஒண்ணுமே காட்டல. ஒலகத்துல ஒருத்தரோடயும் பொருந்தலயாம்."

லைன் அறுந்தது.

மாலை நான்கு மணிதான் இருக்கும். மலையிலிருந்து இறங்கிய மூட்டம் தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வர, தொழிற்சாலையின் வறுத்த கொழுந்து வாசனையும் ஈரவிறகுப் புகையும் கலந்து மூக்கில் ஏற, பக்கத்து வீட்டு வானொலி, கோழிகளின் சத்தம், பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரின் இரைச்சல் எல்லாம் யாரோ போர்வை போட்டு மூடியதுபோல் மங்கி அடங்கின. ஜெயந்தினி வாசலிலேயே நின்றாள். அம்மாவின் தாடைதான் அவளுக்கும். அம்மாவின் காதோரத்து மச்சம்கூட அவளுக்கு இருக்கிறது. சொந்தமில்லாதவளுக்கு அந்த முகம் எப்படி வந்தது?

அப்போதுதான் வீட்டில் அடிக்கடி சொல்லும் அந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. நான்கு வயதில் அவள், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து நழுவி, தேயிலைக்குள் காணாமல் போனாள். தோட்டமே தேடியது. அடைமழையில் மூன்றாம் நாள் அவளாகவே திரும்பி வந்தாள். உடம்பில் ஓர் அட்டைக் கடிகூட இல்லை. முனியாண்டி காப்பாற்றினார் என்று அப்பா கெடா வெட்டினார்.

அடுப்படியில் அம்மா காளியாயி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். ஜெயந்தினி தம்பி சொன்னதை அப்படியே சொன்னாள். அம்மாவின் கை மாவுக்குள் நின்றது.

"ஒருத்தரோடயும் பொருந்தலயா?"

"இல்லம்மா."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரு வந்தீங்க," என்றாள் மெதுவாக. "ஒரே மொகம். ஒரே சட்ட. ரெண்டும் அம்மான்னுச்சு. ஒண்ணு ஒடம்பெல்லாம் ரத்தம், அலறிக்கிட்டு நின்னுச்சு. இன்னொண்ணு அழுவல. சுத்தமா இருந்துச்சு. ஒங்கப்பாவும் நானும் பயந்துபோயி, அழுவாததத் தூக்கி உள்ள வச்சிக்கிட்டு கதவச் சாத்திட்டோம். வெளிய நின்னது விடிய விடியக் கதவத் தட்டுச்சு. விடிஞ்சு பாத்தா இல்ல."

ஜெயந்தினி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா மழ பேஞ்சா அது அழுவுறது கேக்கும். பேயின்னு காதப் பொத்திக்கிட்டுப் படுத்தேன்." அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எம்புள்ளயா அது?"

மழை தகரத்தில் இறங்கியது.

அதற்குள்ளே ஒரு சத்தம். மெல்லிய சத்தம். ஒரு குழந்தையின் விசும்பல்.

அம்மா எழுந்தாள். மாவு அப்பிய கையோடு வாசலுக்கு ஓடினாள். "போகாதீங்கம்மா," என்று ஜெயந்தினி பின்னால் ஓடி அவள் முந்தானையைப் பிடித்தாள். அது கையை விட்டு உருவிக்கொண்டு போனது. வாசலில் மூட்டம். ஜெயந்தினி முதல் தேயிலை நிரை வரை போனாள். ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

பின்னால் ஈரக்காலடிகள். இரண்டு பேருடையவை.

திரும்பினாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"அம்மா."

ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே விளக்கு எரிந்தது. அடுப்புக்கு முன்னால் நான்கு வயதுக் குழந்தை ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. காலெல்லாம் ரத்தக் கோடுகள். அம்மா மண்டியிட்டுத் தன் சேலையால் அதன் தலையைத் துவட்டினாள். குழந்தை ஜன்னலைப் பார்த்து வீறிட்டது.

"அம்மா, நான்தான். கதவத் தொறங்க."

காளியாயி திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டாள்.

"அழுவாத சாமி. பாக்காத. கொஞ்ச நேரத்துல அது போயிரும்."

ஜெயந்தினி கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். அந்தக் குளிரில், அவ்வளவு நெருக்கத்தில், கண்ணாடியில் அவள் மூச்சு படியவே இல்லை.