முட்டைகளுக்கு நடுவே ஒரு பிணம்

டாக்டர் குருமூர்த்தியின் மண்டை பிளந்திருந்தது.

நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். தரை முழுக்க உடைந்த முட்டைகள்... மஞ்சளுக்கு நடுவே ரத்தம். பக்கத்தில் ஒரு சிலிண்டர் ஸ்பேனர்.

இன்ஸ்பெக்டர் சண்முகப்பிரியா மூக்கைப் பொத்தவில்லை. கோழிப்பண்ணையில் வளர்ந்த மூக்கு அது, எதையும் தாங்கும்!

செத்தவரின் கூட்டாளி பிரபாகர்தான் ஒரே சாட்சி. உதவியாளர் டெபோரா கொன்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அந்தப் பெண் ஏற்கெனவே லாக்கப்பில். அவள் அப்பா லாசர் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருந்தார். இவன் கோர்ட்டிலும் இதையே சொன்னால் அவளுக்கு ஆயுள் தண்டனைதான். பாவம்!

"இத்தன முட்டை எதுக்குங்க?"

பிரபாகர் விளக்கினான். மனித உடம்பில் ஒரு ஜீன். அது உண்டாக்கும் புரதம் ரத்தக்குழாய் செல்களை வளரவைக்கலாம் என்று ஒரு சந்தேகம். கருவுள்ள முட்டையில் ஓட்டை போட்டு அதை ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடுமாம்.

"வளந்துச்சுங்களா?"

"பிரமாதமா! பத்து நாள் அடைவெச்ச முட்டை. ஒவ்வொண்ணுலயும் வலை மாதிரி ரத்தக்குழாய். கட்டுரையில தன் பேர் இல்லைன்னு டெபோராவுக்கு வெறி. சாரை அடிச்சா... முட்டையெல்லாம் உடைச்சா..."

சண்முகப்பிரியா குனிந்து பார்த்தாள்.

"அந்த ரத்தக்குழாயெல்லாம் எங்கீங்க? ஆம்லேட் போடற மஞ்சக்கருதான் கெடக்குது. இது கூண்டுக்கோழி முட்டைங்க. கூண்டு வெச்ச கொட்டாய்ல சேவலே கெடையாது. பத்து மாசம் அடைவெச்சாலும் கரு கட்டாது."

பிரபாகரின் பார்வை ஸ்பேனர் பக்கம் போனது.

"உங்க ரிசல்ட்டே பொய்யிங்க. குருமூர்த்தி ஒவ்வொண்ணா ஒடைச்சுப் பாத்துட்டாரு. நீங்க அவரு மண்டைய ஒடைச்சுட்டீங்க."

பாய்ந்து ஸ்பேனரை எடுத்தான்!

முதல் வீச்சில், தடுக்க ஓடிவந்த கான்ஸ்டபிள் தங்கமுத்துவின் தோள்பட்டை நொறுங்கியது. அடுத்த வீச்சு இன்ஸ்பெக்டரின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய, அவள் அவன் முட்டியில் எட்டி உதைத்தாள். படக்! குப்புற விழுந்தவனின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். எலும்பு உடைந்தது. வெறி பிடித்த நாய்க்கு இரக்கம் என்ன வேண்டிக்கிடக்கு?

"நான்தான்... நான்தான் கொன்னேன்... கையை விடுங்க..."

டெபோராவை உடனே அவள் அப்பாவோடு அனுப்பச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். பிறகு விலங்கை மாட்டினாள்.

"ஜெயில்லயும் முட்டை போடுவாங்க. நம்பிக்கை இல்லீன்னா ஒடைச்சுப் பாத்துட்டுத் தின்னுங்க!"