ஆலா எழும்பிய நொடி

மணலில் கிடந்த இரண்டு முட்டைகளையும் மார்னி மத்தியானமே படத்திலிருந்து அழித்திருந்தாள். சாயங்காலம் மடிக்கணினியைத் திறந்தபோது, சிறகு விரித்து எழும்பும் ஆலாப் பறவையின் நிழலுக்குச் சற்றுத் தள்ளி, அவை அங்கேயே இருந்தன. சேமிக்க மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடி அழித்தாள்.

அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, போட்டோ கிளப் தோழி ஜோலீன் போனில் அழைத்தாள்.

"அடியே, இறகு இறகா தெரியுதுடி! நான் எடுத்தா வெறும் வாலுதான் விழும். எவ்ளோ நேரம்டி காத்துக்கெடந்த?"

"விடியறதுக்கு முன்னாலேர்ந்து," என்றாள் மார்னி. "அசையவே இல்ல."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இவ்ளோ பொறுமையா? பெரிய ஆளுதான் போ!"

போனை வைத்ததும் முகம் எரிந்தது. பொறுமையாவது மண்ணாவது. காலையில் கூடுகளைச் சுற்றித் தன்னார்வலர்கள் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாவுக்குப் பின்னால் நின்று கைதட்டினாள். அது பதறி எழும்பியது. சிறகு முகத்தை மறைத்துவிட்டது. அது திரும்பி வந்து அமரும்வரை விட்டு, மறுபடி தட்டினாள். அப்புறம் மறுபடி. படம் சரியாக விழுந்தபோது, கொதிக்கும் மணலில் முட்டைகளைத் தேடிக் கடற்காகங்கள் இறங்கியிருந்தன. அவள் விரட்டக்கூட இல்லை. கேமராத் திரையில் ஆலாவின் கண் கூர்மையாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நினைக்கவே கூசியது.

கணவன் க்ளென், சிங்கி இறால் பிடிக்கும் படகில் கடலுக்குப் போயிருந்தான். உள்ளறையில் குழந்தை ஆல்ஃபி தூங்கினான். காற்றுக்காக அவள் திறந்து வைத்திருந்த அவனுடைய ஜன்னல் வழியாக உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை கூடம்வரை வந்து நின்றது, திரைச்சீலை சுவரில் உரசி உரசி ஓய்ந்தது.

பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

ஒரே ஒரு தட்டு. திரும்பினாள். யாருமில்லை. திரையில் முட்டைகள் மறுபடி இருந்தன.

இன்னொரு தட்டு. இன்னும் கிட்டத்தில்.

அடுத்தது காதருகே. பிடரியில் காற்று பட்டது.

எழுந்து ஓடினாள். யோசிக்கவில்லை. கதவு. படி. வாசல் மணல். கைகள் இரண்டும் தாமாகவே விரிந்திருந்தன.

புதருக்குள்ளிருந்து கேமரா ஒன்று படபடவென்று க்ளிக் அடித்து ஓய்ந்தது.

ஆல்ஃபி!

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். திரும்பிப் படியேறினாள். கதவைத் தொடும் முன்னே மறுபடி கைதட்டல். கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு மணலுக்கே ஓடின. மறுபடி கேமரா. மறுபடி படி. மறுபடி தட்டு.

யாருக்கோ படம் இன்னும் சரியாக விழவில்லை.

உள்ளே ஆல்ஃபி விழித்து அழத் தொடங்கினான். அவன் ஜன்னல் விளிம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே குதித்தன.