பாதியில் மாற்றிய தட்டு

காலை ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். ஓட்டல் அறையில் இருந்த கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு கோப்பைகளில் காப்பித்தூள் கொட்டிக் கலந்தேன். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்றைத் தொட்டியில் ஊற்றினேன். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு செல்போனில் பட்டியலைத் திறந்தேன்.

பட்டியல் என் மனைவி எழுதியது. இந்த நகரத்தில் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. 'ஆற்றங்கரைச் சந்து, மீன் வறுக்கிற கடை. வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் அடி.' 'படிக்கட்டுத் தெரு, பச்சைக் கதவு பார். நாலு மணிக்கே போகணும். அப்புறம் நிற்கக்கூட இடம் இருக்காது.'

போன வருடம் இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்தோம். ஏழு மாதங்களுக்கு முன் நான்கு நாள் காய்ச்சலில் அவள் இறந்தாள்.

"துக்கம் நடந்த வீட்டிலிருந்து ஊர் சுத்தக் கிளம்புறியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர் போனாலும் ஆளுக்கு ஒன்றாக வேறு வேறு சாப்பாடு சொல்வோம். பாதி சாப்பிட்டதும் தட்டை மாற்றிக்கொள்வோம். வெங்காயத்தை மட்டும் அவள் தொடமாட்டாள். ஒரு துண்டு விடாமல் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வேலி கட்டுவாள். மாற்றும்போது அந்த வேலி எனக்கு வந்து சேரும்.

முதல் நாள் மீன் கடையில் இரண்டு தட்டு சொன்னேன். பாதி சாப்பிட்டதும் கை தானாக என் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளியது.

"சாப்பிடு," என்றேன்.

பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கென்று சொன்ன தட்டை இழுத்துச் சாப்பிட்டேன்.

நகரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சந்து முழுக்க அச்சகங்கள், அடுத்த சந்து முழுக்க பார்கள். ஒவ்வொன்றும் குளியலறை அளவுதான். மேலே பத்தாவது மாடி வரை துணி காய்ந்தது. கீழே வறுக்கிற எண்ணெயும் மழைநீரும் பெட்ரோலும் கலந்து மணத்தன. அவள் இருந்திருந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்றிருப்பாள். நானும் நின்றேன்.

இரண்டாம் நாள் மூன்று இடங்கள். மூன்றிலும் தட்டை மாற்றினேன். மூன்றிலும் "சாப்பிடு" என்றேன்.

மூன்றாம் நாள் நூடுல்ஸ் கடையில் தட்டை மாற்றியபோது, என் பக்கம் வந்த கிண்ணம் பாதி காலியாக இருந்தது.

சரியாகப் பாதி.

எனக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது.

"நல்லாருக்கு," என்றது ஒரு குரல், காதுக்கு மிகப் பக்கத்தில்.

அவள் குரல். கூடவே ஒரு வாடை, ஈரத்துணியை நாள்கணக்கில் பைக்குள் மூடி வைத்தது போல. கடையின் சுவர்தான் ஊறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், மாலை நான்கு மணிக்குப் பச்சைக் கதவைத் தள்ளினேன். மூன்று மாடிப் படியேறித்தான் அந்த பாருக்கு வரவேண்டும். ஆறு நாற்காலிகள், ஒரு நீளப் பலகை. வெளியே மழை. தடித்த கண்ணாடி போட்ட ஓர் அக்கா தனியாக எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு ஆளில்லை.

ஒரு பியர், ஒரு எலுமிச்சைச் சோடா, பொரித்த கோழி ஒன்று, பச்சை வெங்காயம் தூவிய உருளைக்கிழங்கு ஒன்று சொன்னேன்.

"இன்னொரு ஆள் வரணுமா?" என்றாள்.

"இல்ல."

"ரெண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தரே சாப்பிடுற உடம்பாத் தெரியலையே தம்பி. காத்தடிச்சா ஜன்னலைச் சாத்தணும் போலிருக்கு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கோழியில் பாதியைத் தின்றேன். தட்டைப் பக்கத்து நாற்காலியின் முன்னால் தள்ளினேன். "சாப்பிடு," என்றேன். எலுமிச்சை நறுக்கிய கத்தி நின்றது.

ஈரவாடை வந்தது.

"இன்னும் எத்தனை இடம்?" குரல் கேட்டது.

"எட்டு."

"எதுக்கு? போதும். பின் கதவு திறந்திருக்கு பார்."

திரும்பினேன். பாரின் பின்சுவரில் ஒரு கதவு, ஒரு சாண் திறந்திருந்தது. அதற்கப்பால் வெளிச்சமில்லை. மழைச் சத்தமும் அங்கிருந்து வரவில்லை.

"ஆஸ்பத்திரியில கடைசியா என்ன சொன்னேன்? என்கூட வந்துடுன்னுதான சொன்னேன்."

ஆமாம் என்று தோன்றியது. அவள் உதடு அசைந்தது, கண் நனைந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தது. ஏழு மாதங்களாக ஏன் போகாமல் இருந்தேன் என்று மட்டும்தான் புரியவில்லை.

எழுந்தேன். நான்கு எட்டு வைத்தால் கதவு. செல்போனை எடுக்கப் பலகைப் பக்கம் கை நீட்டினேன்.

அப்போதுதான் உருளைக்கிழங்குத் தட்டைப் பார்த்தேன்.

துடைத்த மாதிரி இருந்தது.

வெங்காயம் ஒரு துண்டு இல்லை. ஓரத்தில் வேலியும் இல்லை.

கையைத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பீங்கான் ஐஸ் போலக் குளிர்ந்தது.

"அக்கா," என்றேன். "அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன?"

"ஒண்ணுமில்ல. முந்தி இரும்புப் படி இருந்தது, துருப்பிடிச்சு விழுந்துடுச்சு. திறந்தா நேரா மூணு மாடி கீழே. அதான் தாழ் போட்டு வச்சிருக்கேன்." அவளும் திரும்பிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, தட்டைத் தள்ளிட்டு 'சாப்பிடு'ன்னீங்களே. யாருக்குன்னு பேர் சொன்னீங்களா?"

"இல்ல."

"நல்லா இருக்கு. பொதுவா வாங்கன்னு கூப்பிட்டா, பசிச்சது எதுவோ வந்து உட்காரத்தான் செய்யும்."

குரல் சிரித்தது. அவள் சிரிப்பைப் போலவே இருந்தது, ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாத சிரிப்பு.

"வந்துடு," என்றது.

நான் உட்கார்ந்தேன். கோழித் தட்டை என் பக்கம் இழுத்தேன். அது வரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஏதோ பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வந்தது.

"நீ யாரோ எனக்குத் தெரியாது," என்றேன். "பசின்னா பசின்னு சொல்லு, வாங்கித் தரேன். அவ குரல்ல பேசாத. அவ சொல்லாததை அவ சொன்னான்னும் சொல்லாத."

பக்கத்து நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ் தானாக விழுந்தது.

மிச்சக் கோழியை எலும்பு வரை தின்றேன். ஏழு மாதங்களில் முதல் தடவையாக நாக்கில் உப்பு தெரிந்தது.

"அக்கா, இன்னொரு உருளைக்கிழங்கு. வெங்காயம் தனியா வைங்க."

"நீங்க கிளம்பலையா?"

"அது கிளம்பட்டும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "திமிர் பிடிச்ச ஆளு," என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அது கிளம்பவில்லை. மிச்சம் இருந்த எட்டு இடங்களுக்கும் போனேன், எட்டுக்கும் அது வந்தது. ஒரு தட்டு மட்டும் சொன்னேன். எதிர் நாற்காலி ஒவ்வொரு தடவையும் நகர்ந்தது. பதினான்காவது இடம் ஒரு காலைச் சிற்றுண்டிக் கடை. வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. என் தட்டு மெல்ல, தானாக, பாதி மேசை தாண்டிப் போனது. நான் விளிம்பைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்போ கடைசியா என்னதான் சொன்னேன்?" அது கெஞ்சியது. "சொல்லேன். நான் அப்படியே சொல்றேன்."

இப்போது வீட்டில் இருக்கிறேன். இதை எழுதும்போதும் எதிரே ஈரவாடை வருகிறது. தாளின் ஓரம் அந்தப் பக்கமாக மடிகிறது. படித்துக்கொள், கவலையில்லை. வார்த்தை கிடைக்கும். அதைச் சொன்னவள் உனக்குக் கிடைக்கமாட்டாள்.

காய்ச்சலின் நான்காம் நாள், வார்டில் விளக்கு மங்கலாக இருந்தது. வராந்தாவில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, போர்வையை மூக்கு வரை இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"நர்ஸ் ஊசியோட வந்தா, நான் தூங்கிட்டேன்னு சொல்லிடுடா."