அக்காளின் காவல் அணுக்கள்

வியாழக்கிழமை என்றால் நிறைமதிக்குக் காலையில் உப்புநீரில் வாய் கொப்பளிப்பு, பிறகு வெறும் தயிர்சாதம். ஊறுகாய் கிடையாது. மற்ற நாட்களிலும் கிடையாது. கொடுப்பவர் வாயில் காரம் படக்கூடாது என்பது அணுக்கொடைச் சட்டத்தின் முதல் விதி. தம்பி பரிதி எதிரே உட்கார்ந்து பரோட்டாவைச் சால்னாவில் முக்கி முக்கிச் சாப்பிடுவான். வாங்குபவனுக்கு விதி எதுவும் இல்லை.

சாப்பிட்டதும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கொடை மையத்துக்குப் போவார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கன்னத்தின் உட்புறத்திலிருந்து இயந்திரம் உறிஞ்சுவதை அவன் கன்னத்தில் ஏற்றுவார்கள்.

விஷயம் இதுதான். வாய்க்குள் இரண்டு வகை அணுக்கள். கெட்டுப்போன செல்லைக் கண்டால் அடிப்பவை காவல் அணுக்கள். "போதும், விடு" என்று அவற்றைப் பிடித்து நிறுத்துபவை அமைதி அணுக்கள். இரண்டும் அளவோடு இருக்கும்வரை கவலையில்லை. பாக்கு போட்டுப் போட்டே பரிதிக்குக் கன்னத்தில் வெள்ளைப் படலம் விழுந்தது. அமைதி அணுக்கள் பெருகின, காவல் அணுக்கள் அருகிப்போயின. படலம் புற்றாகாமல் இருக்க வாராவாரம் புதுக் காவல் வேண்டும். ரத்த உறவில் யார் பொருந்துகிறாரோ அவர் கொடுத்தே தீரவேண்டும். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். சட்டம் போட்ட மகராசர்கள் அதைக் கேள்விப்பட்டதில்லை போலும்.

மையத்தின் வாசலில் பரிதி பாக்குப் பொட்டலத்தைக் கிழித்தான்.

"இங்க வந்துமாடா?"

"உன் அணு காவலுக்கு இருக்கறப்ப எனக்கென்னக்கா?"

போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஏதாவது சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதற்கு இதுவே தேவலை.

அன்று அவள் எச்சிலைப் பார்த்து, இரண்டு அணுக்களும் அளவோடு இருக்கின்றனவா என்று காட்டும் சமன்மானி சிவப்பு காட்டியது. டாக்டர் ஷகீலா அவள் கன்னத்தை விலக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கும் படலம் விழுந்திருக்கும்மா. எடுத்து எடுத்தே காவல் அணு குறைஞ்சு போச்சு. இனிமே நீங்க கொடுக்கக் கூடாது. வாங்கணும்."

"எங்கிட்டேருந்து எடுங்க டாக்டர்," என்று பரிதி உடனே நாற்காலியில் சாய்ந்தான். "அக்காவுக்கு இல்லாததா?"

நிறைமதிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, பாசம் இல்லாதவன் இல்லை.

சோதனை முடிந்து வந்த டாக்டர் அவனைப் பார்க்காமல் அவளிடமே பேசினார்.

"இவர் வாயில இருக்கற காவல் அணு அத்தனையும் உங்களுதுதான். இவரோடதுன்னு ஒண்ணுகூட இல்ல. திருப்பி எடுத்தும் பிரயோஜனமில்லம்மா. பாக்குலயே கிடந்து கிடந்து அடிக்கறதையே மறந்துடுச்சு. கண்ணெதிர்ல கெட்டது நடந்தாலும் சும்மா இருக்கப் பழகிடுச்சு."

நம்மை மாதிரியேதான் என்று நிறைமதி நினைத்துக்கொண்டாள்.

"வேற ரத்த சொந்தம் யாராவது?"

"இவன் ஒருத்தன்தான்."

பரிதி தொண்டையைச் செருமினான். "டாக்டர், அப்ப அடுத்த வியாழக்கிழமை எனக்கு யாரு கொடுப்பா?"

நிறைமதி எழுந்து நேரே கேன்டீனுக்குப் போனாள். ஒரு தட்டு தயிர்சாதம் வாங்கி, எலுமிச்சை ஊறுகாயைத் தாராளமாகப் போடச் சொன்னாள்.

"அக்கா, காரம் கூடாதுக்கா!" பின்னாலேயே ஓடிவந்த பரிதி தட்டைப் பிடுங்கப் பார்த்தான்.

அவன் கையைத் தட்டிவிட்டு, ஊறுகாயை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தீயாய் எரிந்தது. எரிகிற அந்த வாயாலேயே, முதல்முறையாக, அவனை ஏசத் தொடங்கினாள்.