கடைசித் தெருவுக்கு வராத தேர்

மாதா கோயில் தேர் இந்த வருடம் கடைசித் தெருவுக்கு வராது என்று திருவிழாக் குழு முடிவு செய்துவிட்டது. அப்பா பிராங்கிளின் வந்து சொன்னதும், சிலுவையம்மாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவளுக்குப் பதினொரு வயது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருந்தது அந்தத் தெரு. ஒரு பக்கம்தான் வீடுகள். எதிர்ப் பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரே நாளில் அல்ல. ஒரு மழைக்காலத்தில் ஒரு சுவர், அடுத்ததில் ஒரு சமையலறை என்று மெல்ல மெல்ல. இப்போது தார்ச்சாலையிலும் பாதி இல்லை.

சாலை உடைந்ததும் தண்ணி லாரி உள்ளே வருவதை நிறுத்தியது. அப்புறம் காஸ் சிலிண்டர்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போனார். இப்போது மாதாவுமா?

தேர் கனமானது, சாலை தாங்காது, முனைக்குப் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்பா சமாதானம் சொன்னார்.

“எல்லாரும் அப்டித்தான் சொல்லிகினு கீறாங்க, நைனா. முனைக்கு வா, முனைக்கு வான்னு. நாளைக்கு அந்த முனையும் தண்ணிக்குள்ள போயிட்டா?”

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் களைத்து வந்திருந்த அப்பா, அவள் தள்ளிய தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார்.

பள்ளியில் அறிவியல் டீச்சர் ஒருமுறை விளக்கியிருந்தார். தொழிற்சாலைப் புகையாலும் வண்டிப் புகையாலும் பூமி சூடாகிறது, கடல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது, பக்கத்து ஊரில் கடலைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் அலையை இந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று. அப்போது சிலுவை எழுந்து கேட்டாள்: “எங்க தெருவுல ஒரு கார் கூட இல்ல டீச்சர். கடல் மட்டும் ஏன் எங்ககிட்ட மொதல்ல வருது?” வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் சிலுவை திருவிழாக் குழுத் தலைவர் ஞானதுரையின் பெயிண்ட் கடைக்குப் போனாள். அவர் நல்லவர்தான். மிட்டாய் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். சக்கரம் சரிந்தால் ஆட்கள் மேலேயே விழும் என்றார். அது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. அப்படியானால் சுரூபத்தை, மாதா சிலையை மட்டும் இறக்கித் தூக்கி வரலாமே என்று கேட்டாள். தேரில் ஏறிய மாதா கோயிலுக்குத் திரும்பும்வரை இறங்கக் கூடாது, அதுதான் வழக்கம் என்று முடித்துவிட்டார்.

மிட்டாயைக் கடை மேஜையிலேயே வைத்துவிட்டு சிலுவை விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அன்று மாலையே தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். தேருக்கு முன்னால் பாடிப்போகும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அவள் தெருதான். யாரும் முனைக்குப் போகக் கூடாது, நம் தெருவிலேயே நின்று பாடலாம் என்றாள்.

“அப்போ முனையில குடுக்குற பாயசம்?” என்று கேட்டான் தம்பி வால்டர்.

“கெடையாது.”

அவன் நீண்ட நேரம் யோசித்தான். பிறகு பெருமூச்சோடு சரி என்றான்.

திருவிழா மாலை தேர் முனைக்கு வந்து நின்றது. பேண்டு வாசிப்பு ஓய்ந்தது. பிள்ளைகள் பாட வேண்டிய நேரம். முனையில் ஒரு பிள்ளையும் இல்லை. பாட்டு மட்டும் கடைசித் தெருவிலிருந்து கேட்டது.

ஞானதுரை கோபமாக நடந்து வந்தார். உடைந்த தார் ஓரத்தில் ஓர் அலை அடித்து அவருடைய புது வேட்டி முழங்கால்வரை நனைந்தது. அவர் எதிர்ப் பக்கம் பார்த்தார். அங்கே தண்ணீர்தான் இருந்தது.

“யேசுதாஸ் வூடு எங்க?”

“போன மழையில போயிடுச்சு மாமா. அவங்க மீஞ்சூர் போயிட்டாங்க” என்றான் வால்டர்.

யேசுதாஸ் அவருடைய பள்ளித் தோழர். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விற்றுவிட்டுப் போனதாக நினைத்து ஒரு வருடமாக அவர்மேல் கோபமாக இருந்தார் ஞானதுரை.

சிலுவை அவர் முன்னால் வந்து நின்றாள். “தேர் வேணாம் மாமா. மாதா மட்டும் எறங்கி வரட்டும். நாங்க இன்னும் இங்கதான் கீறோம்.”

அவர் தேர் நின்ற முனைக்குத் திரும்பி நடந்தார். சற்று நேரத்தில், பலகையில் கம்பு கட்டி, அதில் மாதாவை வைத்து, ஆண்கள் தோளில் சுமந்து வந்தார்கள். ஒரு கம்பைப் பிடித்திருந்தவர் பிராங்கிளின். இன்னொன்றை, ஈர வேட்டியோடு, ஞானதுரை.

ஜெபம் முடிந்தும் அவர் கிளம்பவில்லை. தெருக்காரர்கள் இதுவரை வாய்விட்டுப் பேசாததை அன்று பேசினார்கள். பாறை கொட்டினாலும் கடல் திரும்பிப் போகப்போவதில்லை. யேசுதாஸைப் போல ஒவ்வொருவராகக் கிளம்பினால் ஆளுக்கொரு ஊரில் சிதறிவிடுவார்கள். பக்கத்திலேயே, எல்லாருக்கும் ஒரே இடத்தில் வீடு தரச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டரைப் பார்க்கப் போவதென்று முடிவானது. தானும் வருவதாக ஞானதுரை சொன்னார்.

நானும் வருகிறேன் என்றாள் சிலுவை. பெரியவர்கள் போகும் இடம், நீ பள்ளிக்கூடம் போ என்று எல்லாரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை முனையில் நின்ற வேனில் எல்லாரும் ஏறப் போனபோது, முன் சீட்டில் பள்ளிச் சீருடையோடு சிலுவையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.